சுவரைப் பார்த்த நாற்காலி

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தோம், வீடு பிடித்தோம், தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்றெல்லாம் எழுதலாம். அதை உன் தம்பி பெண்டாட்டி ஏற்கெனவே போனில் ஒப்பித்திருப்பாள். என்னோடு போனில் பேச முயற்சி பண்ணாதே. ஏன் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை புது ஆலையில் உடல் பரிசோதனை. கண், ரத்தம், நெஞ்சு எல்லாம் முடிந்து கடைசியாகக் காது. தெம்பாகப் போனேன். கையில் நம் பழைய ஆலையின் ஆறு வருஷக் காதுப் பரிசோதனைக் கார்டுகள், பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக. ஆறிலும் உன் குண்டு குண்டான கையெழுத்தில் 'இயல்பு'. பிரஸ் லைனில் இருபத்திரண்டு வருஷம் வாஷிங் மெஷின் தகடு அடித்தவனுக்கு இப்படி ஒரு காதா என்று மூக்கில் விரலை வைக்கப் போகிறார்கள் என நினைத்தேன்.

அங்கே உன் நர்ஸ் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. இங்கே அப்படியில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுத் தரையோடு திருகாணியால் முடுக்கியிருக்கிறார்கள். கண்ணாடி முதுகுப் பக்கம். ஹெட்போனை மாட்டிவிட்ட பெண், "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க, ரொம்ப மெல்லிசா இருந்தாலும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை எருமை முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது, தூக்கினேன். பிறகு ஒன்றும் இல்லை. சுவர் அட்டையில் இருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் டீ குடிக்கப் போய்விட்டாளா என்று எரிச்சல் வந்தது. அவள் கதவைத் திறந்ததும், "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சுங்க. ரெண்டு காதும்."

அவள் முகத்தைப் பார்த்துத்தான் அது புரிந்தது, குரலால் இல்லை.

டாக்டர் கார்டுகளைப் புரட்டினார். "இதெல்லாம் உங்களோடதுதானா? யாரோடதாவது மாறிப்போச்சா?" என்றார். பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். காதுக்குள்ளே முடி மாதிரி நுணுக்கமாக இருக்குமாம், சத்தத்தில் அடிபட்டுச் செத்தால் திரும்ப முளைக்காதாம். மருந்து கிடையாது. ஒரு நாளில் நடந்ததில்லை, வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் கார்டில் தெரிந்திருக்க வேண்டும் என்றார். பின்னால் வண்டி வந்தால் எனக்குத் தெரியாது என்று லைனில் விடவில்லை. அட்டைப்பெட்டி அடுக்கும் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். நாற்பது பேரை மேய்த்தவன் இப்போது பெட்டிகளை மேய்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆறு கார்டையும் யாருடைய காதைப் பார்த்து எழுதினாய்?

உன் தம்பி
(இதையும் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது)


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்ததும் ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடுகிறது. சிட்டு மாடியறையில் நன்றாக இருக்கிறாள். அம்மாவைவிட அத்தை குழம்பு காரம் என்று தினமும் வம்பிழுக்கிறாள். உன் மகளை நான் பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்டு விஷயம். உனக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி எழுதுகிறாயா என்று தெரியவில்லை. காது சோதனை ஆரம்பித்த முதல் வருஷம் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தியது யார்? அப்போது உன்னை லைன் சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு. காது கார்டில் குறை இருந்தால் பேரை எடுத்துவிடுவார்கள். "இந்த ஒரு வருஷம் மட்டும் பார்த்துக்கக்கா, அப்புறம் நான் ஒழுங்கா இயர் பிளக் போட்டுக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு அப்போது கீச்சென்ற உயர்ந்த சுரங்களில் மட்டும் கேட்கும் திறன் கொஞ்சம் இறக்கம். வீட்டில் பேசுவதற்கு ஒரு குறையும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். தப்புதான். ஆனால் அது நான் மட்டும் பண்ணின தப்பா?

அதற்குப் பிறகு உனக்கு இயர் பிளக் தராத மாதம் உண்டா? அதைக் காதில் வைத்தாயா? கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாய், ஏதோ மெடல் வாங்கியவன் மாதிரி. சூப்பர்வைசரே அப்படித் திரிந்தால் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள்? கேட்டால், "மிஷின் சத்தத்தை வச்சுத்தான் தகடு அடிக்கிற டை அச்சு சரியா உக்காந்திருக்கான்னு சொல்லுவேன்" என்று எனக்கே காது குத்தினாய்.

மெஷினும் பழசு, இரைச்சல் அதிகம். அதையும் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

மெஷின் பழசு! ஆறு நாள் யோசித்து இதைத்தான் கண்டுபிடித்தாயா?

முதல் வருஷம் கேட்டேன். காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது ஒரு கார்டு. மீதி ஐந்தை யார் கேட்டார்கள்?

இரண்டாவது வருஷம் உன் எதிரே உட்கார்ந்து விரலைத் தூக்கினேன். நீ 'இயல்பு' என்று எழுதினாய். அட, சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். அக்கா நர்ஸ், அக்கா பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். காது நன்றாக இருக்கிறவன் எதற்குப் பஞ்சுருண்டையைத் திணித்துக்கொள்ள வேண்டும்? நீ எழுதின ஒவ்வொரு 'இயல்பு'க்கும் நான் ஒரு வருஷம் வெறும் காதோடு நின்றேன்.

மூன்றாவது வருஷம் உன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஷிப்ட் முடிந்து வந்தால் காதுக்குள்ளே விசில் அடிக்கிறது, படுத்தாலும் நிற்கவில்லை என்று. நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சளியா இருக்கும், போயிடும்" என்றாய். நான் போய் ஆவி பிடித்தேன். பத்து நாள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தேன் அக்கா! அந்த விசில்தான் அடிபட்ட காது போடும் கூச்சல் என்று இந்த ஊர் டாக்டர் சொல்கிறார். அப்போதாவது காதை மூடியிருந்தால் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றியிருக்கலாமாம். முதல் வருஷத்துக் காதே எனக்குப் போதுமாக இருந்தது. அது போதாதென்று நான் யாரிடம் சொன்னேன்?

வீட்டில் என் பெண்டாட்டி பேசுவதில் பாதி எனக்கு வந்து சேருவதில்லை. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன். எல்லாரும் சிரித்தால் சிரிக்கிறேன். யார் எது சொன்னாலும் "ஆமா" என்று தலையாட்டுகிறேன். இத்தனை நாள் இவர்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று இவர்களிடம்தான் எரிந்து விழுந்தேன். வெளி ஆள் என்னை ஏமாற்றியிருந்தால் நான்கு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். கூடப் பிறந்தவளை எந்தக் கூட்டத்தில் நிறுத்துவது?

இப்போது கேட்க வேண்டியது வேறு. சிட்டு ஒரு வருஷமாக அதே பிரஸ் லைனில் நிற்கிறாள். ஜனவரியில் உன் அறைக்கு வந்திருப்பாள். அவள் கார்டில் என்ன எழுதியிருக்கிறாய்? நிஜத்தை எழுது. இருபத்து மூன்று வயசுப் பெண்.

தம்பி


மார்ச் 12

தம்பி,

இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

இரண்டாவது வருஷம் நீ உட்கார்ந்தபோதே எனக்கு உறுத்தியது. உன் கண் என் வலது தோளிலேயே இருந்தது. சத்தம் அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது என் தோள் லேசாக அசையும். அது எனக்கே தெரியாது, உன் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்தது. சந்தேகத்துக்கு ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வெறுமனே அமுக்கினேன். விரலைத் தூக்கினாய். மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் தூக்கினாய், சிரித்துக்கொண்டே.

அந்த நிமிஷம் நான் கதவைத் திறந்து உன் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. உன் நிஜக் கார்டை எழுதினால், போன வருஷம் நன்றாக இருந்த காது இந்த வருஷம் எப்படி இவ்வளவு போனது என்று கேட்பார்கள். முதல் கார்டு வெளியே வரும். என் வேலை போகும். உனக்காகச் செய்தேன் என்று எழுதினால் உனக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் இரண்டாவது வருஷத்திலிருந்து நான் காப்பாற்றியது உன்னை இல்லை, என்னை. சளி என்று சொன்ன அன்றைக்கு வெங்காயத்தை ஏன் நிமிராமல் நறுக்கினேன் என்று உனக்கு இப்போது புரியும்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன திட்டினாலும் தகும். ஆனால் அடுத்ததையும் படி.

ஜனவரியில் சிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் நேராக என் தோளுக்குத்தான் போனது. ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து அமுக்கினேன். தூக்கினாள். உன்னை மாதிரியே சிரிப்பு வேறு. வெளியே கூப்பிட்டு, "யாருடி சொல்லிக் கொடுத்தா?" என்றேன்.

"அப்பாதான். அத்தை தோளைப் பாரு, தோள் ஆடினா விரலைத் தூக்கு, பாஸ்னு சொன்னாரு. ஏன் அத்தை, தப்பா?"

நம்பினேன் நம்பினேன் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாயே, இது என்ன? தெரியாதவனுக்கு மகளுக்குப் பாடம் எடுக்க எப்படி வரும்? முதுகில் குத்தியவள் மாதிரி என்னை எழுதுகிறாய். குத்து என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது யார்?

சிட்டுவின் கார்டிலும் அன்றைக்கு 'இயல்பு' என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டேன் தம்பி. பழகின கை. உன் முதல் கடிதம் வந்த மறுநாள்தான் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வைத்தேன். இடது காதில் உயர்ந்த சுரங்களில் இறக்கம் ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம்தான். முதல் வருஷம் உனக்கு இருந்த அளவு. போனது வராது. இன்றைக்கே காதை மூடினால் இதோடு நிற்கும். நிஜக் கார்டை இதோடு வைத்திருக்கிறேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை, லைனை விட்டு வரச் சொல்லிடுவாரு" என்று கெஞ்சினாள். இந்தக் கெஞ்சலுக்கு நான் இன்னொரு தடவை மசிவதாக இல்லை.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

கார்டு வந்தது. மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சிட்டுவின் அம்மாவிடம் நேற்றுதான் காட்டினேன். அவள் என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், நடக்கவில்லை.

சொன்னேன். சிட்டுவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேடிக்கையாகச் சொன்னேன். நான்காவது வருஷமோ என்னவோ, உன் தோளைத்தான் பார்க்கிறேன் என்று எனக்கே பிடிபட்டது. எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், சத்தமும் கேட்டிருக்கும், தோள் சும்மா ஒரு துணை என்று வைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்த அன்றுதான் தோள் இல்லாமல் எனக்கு என்ன மிச்சம் என்று தெரிந்தது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சிட்டுவிடம் மட்டும் சொல்லவில்லை. கேன்டீனில் லைன் முழுக்கச் சொன்னேன். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! "எங்க அக்கா தோளைப் பாருங்கடா, ஒருத்தனும் பெயில் ஆக மாட்டீங்க" என்று மேஜையில் தட்டிச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். வெல்டிங்கில் இருந்து வந்த நெட்டையன் அதை நடித்தே காட்டினான். உன் அலமாரியில் இருக்கும் கார்டுகளில் எத்தனை நிஜம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் கேட்கிறேன். முதல் வருஷம் கையைப் பிடித்துக் கேட்டேன், இப்போது அதற்கும் வழியில்லாமல் தாளில் கேட்கிறேன். நாற்காலியைத் திருப்பியே போட்டு லைன் மொத்தத்தையும் மறுபடி உட்கார வை. நாற்பத்து மூன்று பேரையும். பழைய கார்டுகள் பொய் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உன் வேலை போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். கேன்டீனில் நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், அதையும் மேனேஜர் மேஜையில் வை.

இதைச் செய்தால் உன்னை மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. ஆவி பிடித்த பத்து நாளை என்னால் மறக்க முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

முடித்துவிட்டேன். ஒன்பது நாள் ஆனது.

நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டுத் தரையோடு முடுக்கச் சொன்னேன். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், காது ஓய்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஆள் எடுத்தேன். முதலில் வந்தவன் நெட்டையன்தான். உட்கார்ந்ததும் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினான். "அங்கேயே பாரு" என்றேன். வெளியே வந்தபோது அவனும் உன் கேள்வியைத்தான் கேட்டான், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று. நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேருக்குக் குறை. அதில் ஏழு பேர் முப்பது வயசுகூட ஆகாதவர்கள். அந்தப் பத்தொன்பது பேரின் பழைய கார்டுகளிலும் என் கையெழுத்தில் 'இயல்பு'.

ஒருவன்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேஜை காலியானது. உன் தாளை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து காது டாக்டர் ஒருவர் வந்து லைனில் சத்தத்தை அளந்துகொண்டு போயிருக்கிறார். கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவனிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் அந்த இடத்தில் காதை மூடாமல் நிற்கவே கூடாது என்று அவர் சொன்னாராம். இது எனக்குத் தெரியாததா? பயிற்சியில் முதல் வாரமே படித்தது.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன். எல்லாரையும் நிற்க வைத்து இயர் பிளக்கை எப்படி வைப்பதென்று காட்டினேன். உங்கள் யாருக்கும் அது தெரியவே தெரியாது! காது வாசலில் சும்மா செருகிவிட்டு வைத்தேன் என்கிறீர்கள். விரலால் ஊசி மாதிரி மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் பஞ்சு எதற்கும் உதவாது. இத்தனை வருஷம் டப்பா டப்பாவாகக் கொடுத்தேனே தவிர, ஒருத்தர் காதிலும் வைத்துப் பார்க்கவில்லை.

சிட்டு என் வீட்டை விட்டுப் போய்விட்டாள். தோழியோடு அறை எடுத்திருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு அத்தை, எனக்கு ரெண்டு பேரும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். லைனிலிருந்து அவளைத் தகடு சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சத்தம் குறைவு. இருந்தாலும் பெரிய காதுக்கவசம் மாட்டிக்கொள்கிறாளாம். அடுத்த வாரம் லீவு போட்டு உங்களிடம் வருகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

நானும் ஒரு நாள் வரலாமா? எதிரே உட்கார்ந்து, உனக்கு என் வாய் தெரிகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

சிட்டு வந்துவிட்டு நேற்றுதான் திரும்பினாள். நான்கு நாள் இருந்தாள். அம்மாவோடு பேசினாள், பக்கத்து வீட்டோடு பேசினாள். என்னிடம் சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்பதற்குமேல் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பேச ஆரம்பித்தாள். தலை ஆடியது, தோள் ஏறி இறங்கியது, சோப்புக் கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். பேசுகிறாளே. "ஆமாம்மா" என்றேன். தோள் இன்னும் கொஞ்சம் ஆடியது. "நீ சொல்றது சரிதான்" என்றேன். அவள் ஏதோ கேட்ட மாதிரி தலையைச் சாய்த்தாள். நானும் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, செஞ்சுடலாம்" என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அப்பா. நான் ஒண்ணுமே பேசலை. வாயைக்கூடத் திறக்கலை."

நீ பூஜ்யத்தில் வைத்து அமுக்கினாய். அவளும் அதையே செய்துவிட்டாள். உன்னிடம் கற்றுக்கொண்டாளா, என்னிடமா என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கும் வந்தது. "எத்தனை தடவைப்பா இப்படி ஆமா சொல்லியிருக்கீங்க? நான் லைன்ல சேரட்டுமான்னு கேட்டப்பவும் இப்படித்தான் சொன்னீங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. சத்தியமாக நினைவில்லை. அவள் கேட்டதும் நினைவில்லை, நான் சொன்னதும் நினைவில்லை.

போகும்போது ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். காதில் விழவில்லை என்றால் விழவில்லை என்று சொல்ல வேண்டும். இன்று ஸ்டோரில் மூன்று தடவை சொன்னேன். நாக்கு கூசுகிறது, ஆனால் வருகிறது. அடுத்த மாதம் காதுக் கருவிக்கு அளவெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனதைத் திருப்பித் தராது, எதிரே பேசுவது கொஞ்சம் தெளியும் என்கிறார்கள்.

நீ வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன்னைப் பார்த்தால் என் கண் உன் தோளுக்குத்தான் போகும். கடிதம் எழுது, பதில் எழுதுகிறேன். நான் தலையாட்டித் தப்பிக்க முடியாத இடம் இது ஒன்றுதான். உனக்கும் நிமிராமல் வெங்காயம் நறுக்க முடியாது.

தம்பி